ஆரஞ்சு பாய் கண்ட நட்சத்திரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழையும் நிறைய வரும். பத்திரிகையில் இருப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் இதுவரை பிறந்தவர்களில், வானத்தில் இருக்கிற ஒரு பொருளுக்காகப் பூமியில் இருக்கிற அத்தனை பேரிடமும் கோபித்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் ஆரஞ்சு பாய்தான்.

அவர் தொழில் தையல். நான் அவர் கடையில் காஜா எடுக்கிறவன், அதாவது சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்கு நூல் கட்டுகிறவன். பாய் வாழ்நாளில் ஒரு ஆரஞ்சுப் பழம் விற்றதில்லை. பல் கூச்சத்தால் தின்றதும் இல்லை. ஆனாலும் பெயர் அப்படி நிலைத்துவிட்டது. ஒருமுறை கம்பத்துக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர், பெயரை நம்பிக் கடைக்கே வந்து ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்டார். பாய் தலை நிமிராமல், "இப்பத் தெரியாது. இருட்டுன பிறகு வாங்க, மாடியில காட்டுறேன்" என்றார். ஏதோ திருட்டுச் சரக்கு என்று நினைத்து லாரிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆரஞ்சு எது என்று சொல்வதற்கு முன்னால் பிறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கே மலை. மாதம் பிறக்கிற அன்று வரும் மெல்லிய பிறை, சரியாக இருட்டுவதற்குள் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கூர்மையான கண் வேண்டும். பாய்க்கு அதில் பெயர் இருந்தது. மாதக் கடைசியில் பொழுது மறைந்ததும் தொழுகிற மஃரிப் தொழுகை முடிந்ததும் எங்கள் கடை மாடியில் ஏறி நிற்பார். நோன்பு மாதத்துக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும்போது பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் உட்பட நிறையப் பேர் அந்த மாடிக்கு வருவார்கள்.

ஒரு வருடம் மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் பாய்தான் பெருநாள் பிறையை முதலில் கண்டார். அவர் விரல் காட்டிய இடத்தில் தானும் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அந்த இரண்டு பேர் சாட்சியை ஏற்று மறுநாள் பெருநாள் என்று அறிவித்தார்கள். உண்மையில் தையல்காரருக்குப் பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போவதுதான் நல்லது. கடைக்குள் முடிக்காத துணி இடுப்பளவுக்குக் கிடந்தது. பாய் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு நாள் கிடைத்திருக்கும். அவர் கண்டேன் என்றார். விடிய விடியத் தைத்தோம். நான் எடுத்த காஜாக்கள் அன்றைக்கு மட்டும் என் கையெழுத்து மாதிரி இருந்தன.

வேறொரு சாயங்காலம், சித்திரை மாதம், பிறை தெரியவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பாய் மட்டும் நன்றாக இருட்டும்வரை நின்றுவிட்டுக் கீழே வந்தார். முகம் ஒருமாதிரியாக இருந்தது.

"தம்பி, மேல ஆரஞ்சுக் கலர்ல சின்னதா ஒரு வெள்ளி இருக்கு. யாரோ வச்சுட்டு மறந்து போன மாதிரி இருக்கு" என்றார். எங்கள் பக்கம் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம்.

கொத்தாகத் தெரியும் கார்த்திகையையும், சிவப்பாகப் பெரிதாக மின்னும் ரோகிணியையும் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில், கார்த்திகைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது பாயின் நட்சத்திரம். மிகவும் மங்கலானது. தெருவிளக்கு வெளிச்சம் பட்டால்கூட மறைந்துவிடும். கரண்ட் போனால் தெளிவாகத் தெரியும். மோட்டார் வைத்த தையல் மெஷின் பாதித் தையலில் நின்றுபோகும்போது முகம் மலர்கிற தையல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு அது முதலில் தெரியவே இல்லை. பாய் காட்டிய இடத்தை முறைத்து முறைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

"முறைக்காத. பொண்ணு பார்க்கப் போனா எப்படிப் பார்ப்ப? பொண்ண விட்டுட்டு, பக்கத்துல இருக்க காலண்டரப் பார்க்கிற மாதிரில்ல பார்ப்ப? அப்படிப் பாரு" என்றார்.

பக்கத்தில் பார்த்தேன். ஓரக்கண்ணில் ஒரு புள்ளி வந்து நின்றது. நேராகத் திரும்பியதும் காணாமல் போயிற்று. மறுபடி பக்கத்தில் பார்த்தேன், மறுபடி வந்தது. மனிதர்களையே அப்படிப் பார்த்துப் பழகியவன் என்பதால் எனக்கு அது சுலபமாக வந்துவிட்டது. ஆனால் நிறம்தான் ஒத்துவரவில்லை.

"சாம்பலாட்டம், வெள்ளையா இருக்கு பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. துணியை என் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

சாயங்காலம் துணி வாங்க வருகிறவர்கள்தான் பாவம். முதலில் மாடி, பிறகுதான் துணி. அது ஆரஞ்சா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பலருக்கு நட்சத்திரமே தெரியாது. தெரிந்தவர்களும் வெள்ளை என்றார்கள். தேவாரத்திலிருந்து வந்த புதுமாப்பிள்ளை ஒருவருக்குப் பேண்ட் வெட்டி வைத்திருந்தது, அளவு சரிபார்க்க வந்திருந்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மாடி ஏறிய வேகத்தில், "ஆமா பாய், நல்ல ஆரஞ்சு" என்றார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனித்தார். தூரத்தில் காற்றாலை உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கை அவர் ரசித்துக்கொண்டிருந்தார்.

பாய் கீழே இறங்கினார். வெட்டி வைத்திருந்த துணியை அழகாக மடித்தார். "காணாததைக் கண்டேன்னு சொல்றவுகளுக்கு நான் தைக்கிறதில்ல" என்று கையில் கொடுத்தார். மாப்பிள்ளை தனித்தனியாக இரண்டு கால்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். கல்யாணத்தில் வேட்டிதான் கட்டினார் என்று கேள்வி.

இப்படி இருந்த பாய்க்கு நூல் நிறம் தடுமாற ஆரம்பித்தது. கறுப்புப் பேண்ட்டுக்குக் கருநீல நூல் போட்டார். வெள்ளைச் சட்டைக்குச் சந்தன நூல் போட்டார். நான் கவனித்துப் பிரித்துவிடுவேன். கவனிக்காமல் விட்ட ஒன்று ராயப்பன்பட்டிக்குப் போய்விட்டது. கிறிஸ்தவக் குழந்தைகள் புதுநன்மை வாங்கும் நாளில் உடுத்துகிற வெள்ளைக் கவுன் அது. குழந்தையின் அம்மா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கவுனோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மேசைமேல் இரண்டு நூல்கண்டுகளை எடுத்து வைத்தார்.

"பாய், இது என்ன கலர்?"

"வெள்ளை."

"இது?"

"அதுவும் வெள்ளைதான். என்னம்மா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது நூல்கண்டு நல்ல மஞ்சள்.

கவுனை நானே பிரித்துத் தைத்து, ராயப்பன்பட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது டீச்சர் தெருப் பிள்ளைகளுக்கு வாசலில் வைத்து பைனாகுலரில் நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே இலவசக் கண் முகாம் இருப்பதாகவும், பாயை எப்படியாவது கூட்டிவரும்படியும் சொன்னார்.

கூட்டிப் போனேன். முகாமில் டார்ச் அடித்துப் பார்த்த பெண், இரண்டு கண்ணிலும் புரை பழுத்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். டீத்தண்ணீர் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் இப்போது எல்லாம் தெரியும் என்றும் விளக்கினார்.

பாய் கேட்டார்: "அப்ப எனக்கு ஆரஞ்சாத் தெரியுறது?"

"அதெல்லாம் சரியாயிரும் அய்யா. வெள்ளை வெள்ளையாவே தெரியும்."

அந்தப் பெண் ஆறுதலாகத்தான் சொன்னார். பாய்க்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. முதலில் ஆபரேஷன் செய்ய வேண்டிய கண்ணுக்கு மேலே அடையாளமாகப் பிளாஸ்திரி ஒட்டி, எல்லாரோடும் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் கடைக்குத் திரும்பினேன். சின்னமனூரில் பஸ் நின்றபோது டீ குடிக்க இறங்கிய பாய், எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். கடைக்கு வந்து, நெற்றியில் பிளாஸ்திரியோடு, ஒன்றும் நடக்காததுபோல மெஷினில் உட்கார்ந்தார். "அந்த நூல் பாபினை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் மனைவி சைத்தூன் அக்கா கடைக்கே வந்து என்னிடம் அழுதார். "எம் மூஞ்சிய நல்லா உத்துப் பார்த்து எத்தனை வருசமாச்சோ தம்பி. எட்டாத வெள்ளியப் பார்க்க மட்டும் தெனம் மாடிக்குப் போறாக. நாளைக்குக் கண்ணு சுத்தமா அவிஞ்சு போனா யாரு கஞ்சி ஊத்துறது?" என்றார். பாய் காதில் விழாததுபோல அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. மாடிக்குப் போனோம். நட்சத்திரம் எனக்குத் தெரிந்தது. பாய் வெகுநேரம் தேடினார். தேடியபடியே பேசினார்.

"வெள்ளி போனாப் போகுதுடா. அது என்ன என் சொத்தா? ஆனா என் கண்ணு ஆரஞ்சுன்னு பொய் சொல்லியிருந்தா, அன்னைக்குப் பிறைன்னு சொன்னதும் பொய்யா இருக்கலாம்ல? என் பேச்சக் கேட்டுல்ல ஊரே நோன்ப விட்டுச்சு."

"இன்னொருத்தரும் கண்டாகல்ல பாய்?" என்றேன்.

"தேவாரத்து மாப்பிள்ளையுந்தான் கண்டான்" என்றார்.

அப்போதுதான் அவர் ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை, அதற்குப் பிறகு தெரியப்போகிற நிறத்துக்குத்தான் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அது ஆரஞ்சாக இருக்கும்வரை அந்தப் பெருநாள் சரி. வெள்ளையாகிவிட்டால், ஒரு ஊர் முழுக்க நோன்பு நாளில் சாப்பிட்ட பாரம் அவர் தலையில்.

அந்த வருடப் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் வந்தது. மாடியில் கூட்டம். மேகம் இல்லை. முதலில் ஒரு பையன் கண்டான். பிறகு பக்கத்தில் நின்றவர்கள் கண்டார்கள். பிறகு ஹஜ்ரத் கண்டார். நானே கண்டுவிட்டேன், நகம் வெட்டிப் போட்டது மாதிரி மலைக்கு மேல் நின்றது. ஆளாளுக்குப் பாயின் தோளைப் பிடித்துத் திருப்பி, "அந்தா, அங்கன பாருங்க பாய்" என்றார்கள். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. ஊரே காத்திருந்தது.

"நான் காணல" என்றார் பாய்.

எல்லாரும் இறங்கினார்கள். மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வந்து என்னைக் கட்டித் தழுவியபோது பாய் என் காதில், "அடுத்த முகாம் எப்பன்னு விசாரி" என்றார்.

முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொரு கண். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் முதலில் தன் வேட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். கடைச் சுவருக்கு எப்போது நீலம் அடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். சுவர் எப்போதும் நீலம்தான். சைத்தூன் அக்காவின் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"ஏ, ஒனக்கு எப்ப நரைச்சுச்சு?"

"நீங்க மாடியில இருந்தப்ப" என்றார் அக்கா.

ஆனால் பார்க்க வேண்டியதை மட்டும் உடனே பார்க்க முடியவில்லை. நட்சத்திரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வைகாசி வாக்கில் அது சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆடியில் விடியற்காலை கிழக்கே வந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி முழுக்கச் சாரலும் காற்றும், வானமே கிடையாது. ஐப்பசியில் மழை. பாய் யாரையும் மாடிக்கு அழைக்கவில்லை. நூல் தவறாமல் தைத்தார். வியாபாரம் திரும்பி வந்தது. அவர் முகம் மட்டும் திரும்பி வரவில்லை.

மார்கழியில் வானம் தெளிந்தது. பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியதும் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார். கிழக்கே பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவு நல்ல கண். கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தார், கொஞ்ச நேரம் பக்கத்தில் பார்த்தார்.

"வெள்ளைதாண்டா" என்றார்.

படியில் இறங்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் எழுந்து நிற்கப்போவதாகச் சொன்னார். மேகம் மூடியிருந்த அந்த வருடம் தான் சொன்ன சாட்சி தப்பாக இருக்கலாம், தன்னை நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும் என்று சொல்லப்போகிறாராம். தன் கண்ணைத் தானே ஊர் முன்னால் பொய்யாக்கிவிட்டு இந்த மனிதர் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்க மாட்டார் என்று தோன்றியது.

மறுநாள் ராயப்பன்பட்டிக்குப் போனேன். கேட்க வேண்டியதைப் பஸ்ஸில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் வாசலுக்கு வந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. "பாய்... கண்ணு... பைனாகுலர்" என்று மூன்று சொல்தான் வந்தது.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே. மிச்சத்த மெதுவாச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் டீச்சர் பைனாகுலரோடு வந்தார். மாடியில் வைத்துப் பாய்க்கு விளக்கினார். மங்கலான வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, இருட்டில் சேலையின் நிறம் தெரியாததுபோல. அதனால் மங்கலான நட்சத்திரம் எல்லாமே வெறும் கண்ணுக்குச் சாம்பல் வெள்ளைதான். நிறம் தெரிய வேண்டுமானால் இன்னும் வெளிச்சத்தைத் திரட்டித் தர வேண்டும், அதற்குத்தான் இந்தக் கண்ணாடி என்றார். என்ன தெரியும் என்று தன்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பாய் பைனாகுலரை வாங்கினார். என் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். முதலில் ரோகிணி அகப்பட்டது. "இது எல்லாருக்கும் ஆரஞ்சுதான். இது கணக்குல வராது" என்று நகர்த்தினார். பிறகு கார்த்திகை. பிறகு நின்றுவிட்டார். என் தோளில் இருந்த முழங்கை அழுந்தியது.

என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"நீ பாரு. எனக்காகச் சொல்லாத. கண்டதச் சொல்லு."

நான் பார்த்தேன். இத்தனை வருடமாக ஓரக்கண்ணுக்கு மட்டும் வந்த புள்ளி, நேராகப் பார்த்தும் ஓடிப்போகாமல் நின்றது. சாம்பல் இல்லை. வெள்ளை இல்லை.

"பழுத்த பாக்கு நெறம் பாய்" என்றேன்.

"அப்டின்னா?"

"ஆரஞ்சுதான்."

பாய் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சுதான் பாய், சந்தேகமே இல்ல" என்றார். அது வயதான நட்சத்திரம், நம் சூரியனைவிடப் பலமடங்கு பெருத்துச் சூடு குறைந்துபோனது, அதனால்தான் அந்த நிறம் என்றார். இப்போது கண்ணில் படுகிற வெளிச்சம் நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் அங்கிருந்து கிளம்பியது என்றார். அப்படியானால் அன்றைக்கு வெறும் கண்ணில் தனக்கு எப்படி ஆரஞ்சாகத் தெரிந்தது என்று பாய் கேட்டார். சிலருக்கு லேசாகத் தெரியலாம், புரையும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்று டீச்சர் உள்ளதைச் சொன்னார்.

பாய் மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது பாட்டுக்கு ஆரஞ்சா இருந்திருக்கு. நான் கண்டாலும், காணாட்டியும்" என்றார்.

"அப்ப நாளைக்கு நீங்க எந்திரிக்க வேணாம்ல பாய்?" என்று கேட்டேன்.

"இது வெள்ளியோட சங்கதி. அது பிறையோட சங்கதி" என்றார். அந்த மனிதரை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நடந்ததைப் பாயே பிறகு சொன்னார். ஜும்மா முடிந்து எழுந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் முழுக்கக் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னாராம்: "போன நோன்புப் பெருநாளுக்கு நாங்க எல்லாரும் பிறை கண்டு நின்னப்ப, நீங்க ஒருத்தர்தான் காணலைன்னு சொன்னீக. அப்பேர்ப்பட்டவுக ஒருநாள் கண்டேன்னு சொன்னா, எனக்கு அது போதும்." பிறகு, தன் ஜிப்பா எப்போது கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார். கடைக்கு வந்ததும் பாய் முதல் வேலையாக அந்த ஜிப்பாவைத்தான் எடுத்தார்.

இப்போது கடையை என்னிடம் விட்டுவிட்டு, பாயும் அக்காவும் குமுளியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அங்கே பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி. நட்சத்திரம் பார்க்க வழியில்லை. அதனால் சாயங்காலம் போன் செய்வார். "தெரியுதா?" என்பார். நான் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். தெரிந்தால் தெரிகிறது என்பேன். மேகம் இருந்தால் காணவில்லை என்பேன். தெரிகிறது என்றால் சரி என்று உடனே வைத்துவிடுவார். காணவில்லை என்று சொல்கிற நாட்களில்தான் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்.

இன்று மேகம் இல்லை. அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எழுதி முடித்த நாள், தை மாதம் இருபத்து மூன்றாம் தேதி.